போன் கையில் இருக்கிறது, அழைப்பு மட்டும் வரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டவர் முழுசாகக் காட்டுகிறது, சார்ஜ் இருக்கிறது, நெட் ஓடுகிறது. ஆனால் கூப்பிட்டவர்கள் எல்லாம் "ஒரு ரிங்கூடப் போகலையே" என்கிறார்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இப்படி வரும் அழைப்பு நேராக வாய்ஸ்மெயிலில் (எடுக்காத அழைப்பில் கூப்பிட்டவர் பேசுவதைப் பதிவு செய்து வைக்கும் சேவை) போய் விழும். இந்தியாவில் வாய்ஸ்மெயில் வைத்திருப்பவர்கள் குறைவு. அதனால் அதே கோளாறு இங்கே "சுவிட்ச் ஆஃப்", "தொடர்பு எல்லைக்கு வெளியே", "பிஸி" என்ற அறிவிப்பாகக் கேட்கும். இரண்டுக்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆஸ்பத்திரியிலிருந்தும் வேலை கொடுப்பவரிடமிருந்தும் வரும் அழைப்பு தவறினால் இன்னொரு தடவை வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே இதை அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

முதலில் எந்த செட்டிங்கைப் பார்க்க வேண்டும்?

எதையும் தொடாதீர்கள். வீட்டில் இருக்கும் இன்னொரு போனை எடுத்து உங்கள் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அந்த போனை ஸ்பீக்கரில் போட்டு, உங்கள் போனின் திரையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். கூப்பிடுகிறவர் காதில் என்ன விழுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பலர் இதைச் செய்யாமல் நேராக ரீசெட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு அழைப்பு உங்களைத் தேடி வரும் வழியைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் புரியும். உங்கள் எண்ணுக்கு அழைப்பு வந்ததும், 'எல்லா அழைப்பையும் வேறு எண்ணுக்கு அனுப்பு' என்று எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று நெட்வொர்க் முதலில் பார்க்கும். இருந்தால் உங்கள் போனைத் தேடவே தேடாது. இல்லையென்றால், நீங்கள் கடைசியாக இருந்த பகுதியின் டவர்கள் மூலம் போனைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் இல்லாவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று முடிவு செய்யும். பதில் வந்தால் மணி அடிக்கும். நீங்களோ போனோ அழைப்பைத் தள்ளிவிட்டால் 'பிஸி'. யாரும் எடுக்காவிட்டால் 'பதில் இல்லை'. கிடைக்கவில்லை, பிஸி, பதில் இல்லை என்ற இந்த மூன்றுக்கும் தனித்தனியாக டைவர்ட் (அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்புவது) வைக்க முடியும். வாய்ஸ்மெயில் என்பதும் அப்படி ஒரு டைவர்ட்தான்.

ஆகவே ஒரு ரிங்கும் போகாமல், உங்கள் திரையிலும் எதுவும் வராமல் வாய்ஸ்மெயிலோ அறிவிப்போ வந்தால், அழைப்பு போனுக்கே வரவில்லை: டைவர்ட், டவர், சிம் பக்கம் பாருங்கள். ரிங் போகாவிட்டாலும் உங்கள் போனின் அழைப்புப் பட்டியலில் தவறிய அழைப்பாகப் பதிவாகியிருந்தால், வந்த அழைப்பை உங்கள் போனே தள்ளியிருக்கிறது: பிளாக், ஃபோகஸ் (ஐபோனில் தொந்தரவைத் தடுக்கும் மோடு), ஸ்பேம் ஃபில்டர் பக்கம் பாருங்கள். அந்தப் பக்கம் முழுதாக ரிங் போய், இங்கே சத்தம் மட்டும் இல்லையென்றால் அது வெறும் ஒலி விவகாரம். புளூடூத் ஹெட்செட்டிலோ காரிலோ மணி அடித்துக்கொண்டிருக்கலாம்.

"சுவிட்ச் ஆஃப்" என்று வருவதற்கும் "நாட் ரீச்சபிள்" என்று வருவதற்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. போனை முறையாக அணைக்கும்போது, அது 'நான் போகிறேன்' என்று நெட்வொர்க்குக்கு ஒரு தகவல் அனுப்பிவிட்டுத்தான் அணையும். அதனால் நெட்வொர்க் தேடாமலேயே சுவிட்ச் ஆஃப் என்று சொல்லிவிடும். லிஃப்ட்டுக்குள்ளோ அடித்தளப் பார்க்கிங்கிலோ டவர் போய்விட்டால் அந்தத் தகவல் போகாது. நெட்வொர்க் தேடிப் பார்த்து, பதில் கிடைக்காமல்தான் நாட் ரீச்சபிள் என்கிறது. ரொம்ப நேரம் போனிடமிருந்து சத்தமே இல்லையென்றால் அதையும் அணைந்த போனாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். போன் ஆனில் இருக்கும்போதே சுவிட்ச் ஆஃப் என்று வந்தால், நெட்வொர்க்கின் பதிவேட்டிலிருந்து உங்கள் போன் விழுந்துவிட்டது என்று பொருள். ஏரோபிளேன் மோடைப் போட்டு, அரை நிமிடம் விட்டு எடுத்தால் போன் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும். ரீஸ்டார்ட் செய்தாலும் அதேதான் நடக்கிறது.

டைவர்ட் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டயல் பேடில் *#21# அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். எல்லா அழைப்பும் எங்காவது திருப்பப்படுகிறதா என்று காட்டும். *#67# பிஸியாக இருக்கும்போது, *#61# எடுக்காதபோது, *#62# போன் கிடைக்காதபோது எங்கே போகிறது என்பதைக் காட்டும். ##21# அடித்தால் முதல் வகை நீங்கும். ##002# அடித்தால் எல்லா டைவர்ட்டும் நீங்கும். அதோடு வாய்ஸ்மெயிலும் போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறியீடுகள் ஜிஎஸ்எம் என்ற மொபைல் நெட்வொர்க் முறைக்கானவை. அமெரிக்காவில் வெரைசானுக்கு *73 தான் டைவர்ட்டை நீக்கும்.

சில நிறுவனங்களின் சிம்மில் 'தவறான எம்எம்ஐ குறியீடு' என்று வரும். பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டில் போன் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் கால் ஃபார்வர்டிங் இருக்கும். சாம்சங்கில் அது சப்ளிமென்டரி சர்வீசஸ் என்பதற்குள் ஒளிந்திருக்கும். ஐபோனில் போன் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது, ஆனால் அங்கே தெரிவது 'எல்லா அழைப்பும்' வகை மட்டும்தான்.

*#62# அடித்தால் தெரியாத எண் ஒன்று வருகிறது. என் போனை யாரோ ஒட்டுக் கேட்கிறார்களா?

இந்தப் பயத்தைக் கிளப்பும் வாட்ஸ்அப் ஃபார்வர்டு வருடக் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் போன் கிடைக்காத நேரத்தில் யார் கூப்பிட்டார்கள் என்று பிறகு எஸ்எம்எஸ் வருகிறதே, அந்த மிஸ்டு கால் அலர்ட் சேவையின் எண்ணாகவோ வாய்ஸ்மெயில் மையத்தின் எண்ணாகவோதான் அது பெரும்பாலும் இருக்கும். டைவர்ட் என்பது அழைப்பை வேறு இடத்துக்குத் திருப்பும், நீங்கள் பேசுவதை யாருக்கும் கேட்க வைக்காது. சந்தேகமாக இருந்தால் கஸ்டமர் கேரில் அந்த எண் அவர்களுடையதா என்று கேட்டுவிடலாம்.

கவலைப்பட வேண்டியது *#21#-இல் ஒரு தனியார் மொபைல் எண் தெரிந்தால்தான்.

நான் டைவர்ட் போடவே இல்லை. பிறகு எப்படி வந்தது?

இதை நிதானமாகப் படியுங்கள். "உங்கள் பார்சல் வந்திருக்கிறது, உறுதி செய்ய இந்த எண்ணை டயல் செய்யுங்கள்" என்றோ, "உங்கள் சிம்மில் கோளாறு, சரிசெய்ய இதை அழுத்துங்கள்" என்றோ ஒருவர் கூப்பிடுவார். அவர் சொல்லும் எண் *401* என்றோ *21* என்றோ தொடங்கி, நடுவில் ஒரு பத்து இலக்க எண்ணோடு இருக்கும். நீங்கள் அதை டயல் செய்த நொடியில் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அந்த ஆளின் போனுக்குப் போகத் தொடங்கும். அடுத்து அவர் உங்கள் வாட்ஸ்அப்பைத் தன் போனில் திறக்க முயன்று, ஓடிபியை குரல் அழைப்பாகக் கேட்பார். அந்த அழைப்பு அவருக்கே போய்ச் சேரும். உங்கள் போன் அமைதியாகவே இருக்கும்.

இந்த மோசடியால்தான் *401# போன்ற யுஎஸ்எஸ்டி (*, # சேர்த்து டயல் செய்யும் குறியீடு) வழி டைவர்ட் சேவையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி இந்தியத் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் *21* போன்ற குறியீடுகள் போன்களில் பொதுவாகவே இருப்பவை, ஆகவே எச்சரிக்கையை விட வேண்டாம். உங்களுக்கு இது நடந்திருந்தால் முதலில் ##002# அடியுங்கள். பிறகு வாட்ஸ்அப், மெயில், வங்கி ஆப் ஆகியவற்றில் வேறு யாரும் நுழைந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஐபோன். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் வருகிறது, கூரியர்காரர் கூப்பிட்டால் வருவதே இல்லை.

சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ். 2019-ல் ஐஓஎஸ் 13 உடன் வந்தது. இதை ஆன் செய்தால், உங்கள் கான்டாக்ட்டில் இல்லாத, நீங்கள் சமீபத்தில் கூப்பிடாத எண்கள் மணி அடிக்காமல் வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். ஸ்பேம் தொல்லை தாங்காமல் ஒருநாள் ஆன் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். புதிய ஐஓஎஸ் 26-ல் இதே இடத்தில், தெரியாத எண்ணிடம் 'யார், எதற்கு' என்று போனே கேட்கும் வசதியும் சேர்ந்திருக்கிறது. கூரியர்காரர்களும் லேப்காரர்களும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் வைத்துவிடக்கூடும்.

வேலை தேடிக்கொண்டிருப்பவர், வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருப்பவர், டெலிவரிக்குக் காத்திருப்பவர் இதை அணைத்துவைப்பதே நல்லது. ஸ்பேமைச் சகித்துக்கொள்ளலாம், அந்த ஒரு அழைப்பைத் தவறவிட முடியாது. ஆப்பிளும் இதை யோசித்திருக்கிறது: ஐபோனிலிருந்து அவசர உதவி எண்ணை அழைத்தால், திரும்பக் கூப்பிடுகிறவர்கள் உங்களை அடைவதற்காக இந்த வசதி 24 மணி நேரத்துக்குத் தானாக விலகி நிற்கும்.

ஆண்ட்ராய்டிலும் இதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு. கூகுள் போன் ஆப்பில் ஸ்பேம் ஃபில்டர் இருக்கிறது. பிளாக்டு நம்பர்ஸ் பக்கத்தில் 'அன்னோன்' என்று இருப்பது எண்ணையே மறைத்துக் கூப்பிடுபவர்களை மட்டும் தடுக்கும். ட்ரூகாலர் வைத்திருந்தால் அதற்குள் தனியாக ஒரு பிளாக் பட்டியல் இருக்கும், வெளிநாட்டு எண்களைத் தடுப்பது உட்பட. மகன் துபாயிலிருந்து கூப்பிட்டால் வரவில்லை என்கிறவர்கள் அங்கே ஒரு பார்வை பார்க்கவும். எண் வரிசையை வைத்துத் தடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவில் விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசை. 1600 வரிசை வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. முன்னதைத் தடுக்கலாம், பின்னதைத் தடுக்க வேண்டாம்.

டூ நாட் டிஸ்டர்ப் போட்டிருந்தால் கூப்பிடுகிறவருக்கு என்ன கேட்கும்?

இங்கேதான் ஐபோனும் ஆண்ட்ராய்டும் பிரிகின்றன. ஐபோனில் ஃபோகஸ் ஓடிக்கொண்டிருந்தால், அனுமதிக்கப்படாதவர்களின் அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போகும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் அந்தப் பக்கம் வழக்கம்போல ரிங் போகும், உங்கள் போன் மட்டும் சத்தமில்லாமல் இருக்கும். ஆகவே ஆண்ட்ராய்டு போனில் ஒரு ரிங்கும் போகவில்லை என்றால் டிஎன்டியைக் குறை சொல்ல வேண்டாம், வேறு காரணம் தேடுங்கள்.

திரையின் மேல் ஓரத்தில் பிறைநிலா தெரிகிறதா என்று பாருங்கள். இப்போது தெரியாவிட்டாலும் தூக்க நேரம், வண்டி ஓட்டும் நேரம் என்று அட்டவணைப்படி தானாக ஆன் ஆகும் மோடுகள் இருக்கலாம். "ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் போவதில்லை" என்று நேரம் குறிப்பிட்டு யாராவது சொன்னால் முதல் சந்தேகம் இதுதான். ஐபோனில் ஃபோகஸை அணைக்க மனமில்லையென்றால், வீட்டாரை ஃபேவரிட்ஸில் சேர்த்து அனுமதியுங்கள். ரிப்பீட்டட் கால்ஸையும் ஆன் செய்யுங்கள். ஒரே எண்ணிலிருந்து 3 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் அது மணி அடிக்கும்.

ஒரே ஒருவர் கூப்பிட்டால் மட்டும் வருவதில்லை.

பிளாக் பட்டியலைப் பாருங்கள், குழந்தை கையில் போன் இருந்தபோது விழுந்திருக்கலாம். அவருடைய கான்டாக்ட்டில் ரிங்டோன் 'நன்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருவர் அல்ல, ஒரு நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்குமே போகவில்லை, நீங்களும் சமீபத்தில் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறியிருக்கிறீர்கள் என்றால் கோளாறு போனில் இல்லை. நீங்கள் எங்கே மாறினீர்கள் என்ற தகவல் அந்த நிறுவனத்தின் பதிவில் இன்னும் ஏறவில்லை. புதிய நிறுவனத்திடம் புகார் கொடுங்கள்.

இரண்டு சிம். ஒன்றில் பேசும்போது மற்றொன்றுக்குக் கூப்பிட்டால் நாட் ரீச்சபிள்.

பெரும்பாலான இரட்டை சிம் போன்களின் இயல்பே அதுதான். இரண்டு சிம்மும் காத்திருக்கும், ஆனால் ஒன்றில் பேச்சு தொடங்கியதும் போனின் ரேடியோ அதற்குப் போய்விடும். மற்ற சிம்மை நெட்வொர்க் தேடினால் பதில் சொல்ல ஆள் இல்லை. வியாபாரத்துக்கு ஒரு எண், வீட்டுக்கு ஒரு எண் என்று வைத்திருக்கும் கடைக்காரர்கள் இதனால் ஆர்டரை இழக்கிறார்கள், காரணம் தெரியாமலேயே.

வழி இருக்கிறது. முதல் சிம்மில் 'கிடைக்காதபோது' என்ற டைவர்ட்டை இரண்டாவது எண்ணுக்கும், இரண்டாவதில் முதல் எண்ணுக்கும் வையுங்கள். இரண்டிலும் கால் வெயிட்டிங் ஆனில் இருக்கட்டும் (*43#). அப்போது ஒன்றில் பேசும்போது மற்றதற்கு வரும் அழைப்பு 'பீப்' ஒலியோடு இதே பேச்சுக்குள் வரும். சாம்சங்கின் சில மாடல்களில் இதையே செய்ய டூயல் சிம் ஆல்வேஸ் ஆன் என்ற பொத்தான் இருக்கிறது. டைவர்ட் ஆகும் அழைப்புக்கு உங்கள் திட்டத்தில் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐபோனில் இரண்டு எண்ணுக்கும் வைஃபை காலிங்கையும், அலவ் செல்லுலார் டேட்டா சுவிட்சிங்கையும் ஆன் செய்தால், மற்ற சிம்மின் டேட்டா வழியாக அழைப்பு வந்துவிடும்.

நெட் நன்றாக ஓடுகிறது. அழைப்பு மட்டும் வராது, போகாது.

டேட்டாவும் குரலும் ஒரே பாதையில் வந்தாக வேண்டும் என்று இல்லை. 4ஜியில் குரல் போக வோல்ட்டி வேண்டும். அது இல்லாவிட்டால், அழைப்பு வரும்போது போன் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்க வேண்டும். 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. அதில் வோல்ட்டி அணைந்திருந்தால் அழைப்புக்கு வேறு வழியே இல்லை. சிம் செட்டிங்ஸில் வோல்ட்டி அல்லது 4ஜி காலிங் என்று இருப்பதை ஆன் செய்யுங்கள்.

இன்னொன்று அடிக்கடி காண்பது. நெட் வேகத்துக்காக *#*#4636#*#* அடித்து, வரும் மெனுவில் 'எல்டிஇ ஒன்லி' (4ஜி மட்டும்) என்றோ 'என்ஆர் ஒன்லி' (5ஜி மட்டும்) என்றோ மாற்றச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். மாற்றியதும் வேகம் கூடியது போல இருக்கும். ஆனால் குரலுக்காக இறங்க வேண்டிய படியை நீங்களே எடுத்துவிட்டீர்கள். அதைப் பழையபடி எல்லா நெட்வொர்க்கையும் ஏற்கும் தேர்வுக்கு மாற்றுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. அமெரிக்காவில் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022-ல் 3ஜியை மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபரில் மூடின. ஊரிலிருந்து கொண்டுபோன போனில் அந்த நாட்டு நிறுவனத்தின் வோல்ட்டி வேலை செய்யாவிட்டால், யூடியூப் ஓடும், அழைப்பு எல்லாம் வாய்ஸ்மெயிலுக்குப் போகும். நிறுவனத்தின் தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து (*#06# அடித்தால் வரும்) போன் ஏற்புடையதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் போனை மாற்றுவது தவிர வேறு வழி இல்லை. அவசர எண்ணுக்கே பேச முடியாமல் போகக்கூடும் என்பதால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வீட்டில் இருக்கும்போது மட்டும் வருவதில்லை.

வைஃபை காலிங்கை அணைத்துவிட்டு ஒருநாள் பாருங்கள். வைஃபை வலுவில்லாமல் விட்டுவிட்டு வந்தால், போன் அதையே பிடித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு தவறும். மாறாக, வீட்டுக்குள் டவரே இல்லாமல் வைஃபை நன்றாக இருந்தால் அதை ஆன் செய்வதுதான் மருந்து.

ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் போன் சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது. "நான் எதையும் தொடலையே" என்கிறார்.

அவர் சொல்வது உண்மைதான். மேலிருந்து இழுத்தால் வரும் பட்டையில் டார்ச்சுக்குப் பக்கத்தில் ஏரோபிளேன் மோடு இருக்கும். கரண்ட் போனதும் டார்ச் போடப் போய் விரல் அதில் பட்டுவிடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தப் பட்டையைத் திருத்தி, ஏரோபிளேன் மோடு, டிஎன்டி இரண்டையும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி, டார்ச்சை முதலில் வையுங்கள். பூட்டிய திரையில் அந்தப் பட்டையைத் திறக்க முடியாதபடி செய்யும் வசதியும் சில மாடல்களில் உண்டு. பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் எண்ணுக்கு ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். காசு போடாமலே அழைப்பு வந்துகொண்டிருந்த காலம் 2018 இறுதியோடு மாறத் தொடங்கிவிட்டது. திட்டத்தின் நாள் முடிந்தால் சில நாட்களில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும்.

வெளிநாட்டிலிருந்து காலிங் ஆப் மூலம் ஊருக்குக் கூப்பிட்டால் போவதில்லை.

அந்த ஆப் உங்கள் இந்திய எண்ணைக் காட்டிக் கூப்பிடுகிறதா? வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டு இந்திய எண்ணாக வேடமிடும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை தொடங்கியது. மோசடிக்காரர்களுக்காகப் போட்ட வலை அது, உங்கள் அழைப்பும் மாட்டலாம். நீங்கள் இருக்கும் நாட்டின் எண்ணையே காட்டும்படி ஆப்பில் மாற்றுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பு, போனைத் திறந்தால்தான் வருகிறது.

பேட்டரியை மிச்சப்படுத்த போன் அந்த ஆப்பைத் தூங்க வைக்கிறது. ஆப் இன்ஃபோவில் பேட்டரி என்பதற்குள் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' அனுமதியும் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மணி அடிக்கிறது, ஆனால் எடுப்பதற்குள் வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடுகிறது.

*#61# அடித்து, வரும் வாய்ஸ்மெயில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு **61* அடித்து, அந்த எண், அடுத்து *11*30# என்று முடித்து அழையுங்கள். 30 விநாடி வரை மணி அடிக்கும், அதுதான் உச்சம். வயதானவர்களின் போனில் இதைச் செய்து கொடுங்கள், பெரிய உதவி. சில நிறுவனங்கள் இதைத் தங்கள் கையில் வைத்திருக்கும், அவர்களிடம் கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

ஃபேக்டரி ரீசெட் செய்துவிடலாமா?

வேண்டாம். டைவர்ட்டும் வாய்ஸ்மெயிலும் நெட்வொர்க்கில் பதிவாகியிருப்பவை. போனை முழுக்கத் துடைத்தாலும் அவை அப்படியே இருக்கும், உங்கள் போட்டோக்கள்தான் போகும். அதற்குப் பதிலாக ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ் செய்யலாம். வைஃபை பாஸ்வேர்டும் புளூடூத் இணைப்புகளும் நெட்வொர்க் தொடர்பான மற்ற செட்டிங்குகளும் அழியும், போட்டோக்கள் போகாது. அதற்கும் முன்னால் சிம்மை எடுத்து வேறு போனில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அழைப்பு வராவிட்டால் சிம்மிலோ நெட்வொர்க்கிலோதான் பிரச்சினை. அங்கே வந்தால் உங்கள் போனில்.

எல்லாம் செய்தாயிற்று. இனி யாரிடம் சொல்வது?

"கால் வரலை" என்று மட்டும் சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்பதோடு முடிந்துவிடும். எந்த எண்ணிலிருந்து, எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், அவர்களுக்கு என்ன அறிவிப்பு கேட்டது என்று இரண்டு மூன்று அழைப்புகளின் விவரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிம்மை வேறு போனில் போட்டுப் பார்த்தாயிற்று என்பதையும் சொல்லுங்கள். அந்த நேரத்தை வைத்து, அழைப்பு எங்கே நின்றது என்று அவர்களால் தேட முடியும். இந்தியாவில் புகாருக்கு 198. கட்டணம் இல்லை. புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். கொடுத்த பதில் திருப்தியில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அப்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.